இரண்டு விரல் அதிகம்

என்டோலாவில் பழைய இரும்பு வாங்குகிறேன்.
சிஃபுபு சந்தைக்குப் பின்னால், பேருந்து திரும்பும் இடத்தில்,
தார்ப்பாய்க்கு அடியில் என் தராசு.
அது பொய் சொல்லும்,
ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு பொய்.

போன அக்டோபரில் லொம்பே கொண்டுவந்தான்,
தள்ளுவண்டியில், சாக்குப் போர்த்தி.
வட்டம். நடுவில் நகரசபையின் எழுத்து,
பாதி தேய்ந்து.
எங்கே எடுத்தாய் என்பது
என் தொழிலில் கெட்ட வார்த்தை.
நாற்பத்தெட்டு கிலோ என்றது முள்.
நாற்பத்தைந்து என்றேன் நான்.
குவாச்சாவை எச்சில் தொட்டு எண்ணிக் கொடுத்தேன்.
அவன் நேரே போய்
தங்கையின் பரீட்சைக் கட்டணம் கட்டினான்;
அல்லது குடித்தான்.
அதையும் கேட்கவில்லை.

அந்த வாரமே
சந்தை வாசலில் ஒரு குழி
வாய் திறந்து கிடப்பதைப் பார்த்தேன்.
யாரோ மாங்கிளை ஒன்றை அதில் நட்டிருந்தார்கள்.
இலை வாடினால் புதுக் கிளை.
நகரசபையிலிருந்து ஒருவர் வந்தார்,
கிளையைப் படம் பிடித்தார்,
ஓர் எண் கொடுத்துவிட்டுப் போனார்.
அந்த எண்ணைக் கருவாட்டுக்காரி சிபாஷா
தன் பலகையில் கரியால் எழுதிவைத்தாள்,
கபெண்டா ஒரு குவளை விலைக்குக் கீழே.
விலை மூன்று முறை மாறியது.
எண் மாறவில்லை.

வார்டு உறுப்பினர் கசொண்டே
வேறு கட்சிக்குப் போன அன்று
ஊர்வலம் குழியைச் சுற்றித்தான் போனது.
ஒலிபெருக்கியில் வளர்ச்சி, வளர்ச்சி என்றார்,
கீழே பார்த்துப் பார்த்துக் கால் வைத்தபடி.

நவம்பரில் மழை.
மின்சாரம் காலையிலேயே போயிருந்தது.
அணையில் தண்ணீர் இல்லையாம்.
தெருவில் முழங்கால் வரை இருந்தது.
கிளை மிதந்து போய்விட்டது.
சிபாஷா கூடையை மூடிவைத்துவிட்டு
தண்ணீரில் இறங்கினாள்.
குழியின் விளிம்பைப் பாதத்தால் தடவி
ஒரு முழம் தள்ளி நின்றாள்.
இப்படி வாருங்கள், இப்படி என்று
பள்ளிப் பிள்ளைகளை, மிதிவண்டிகளை,
கடைசிப் பேருந்தில் இறங்கிய நர்ஸை
கையால் திருப்பிவிட்டாள்.
இரவு ஒன்பது வரை
அவள்தான் நகரசபை.

என் தார்ப்பாய்க்கு அடியில்
நனையாமல் கிடந்தது மூடி.

உருக்காலை லாரி வியாழன் வரும்.
புதன் இரவு அதை உருட்டிக்கொண்டு போனேன்.
இத்தனை வருடத்தில் இல்லாத வழக்கமாக
நாய்கள் என்னைப் பார்த்துக் குரைத்தன.
வைத்தேன். உட்காரவில்லை.
திருப்பி வைத்தேன்.
இரண்டு விரல் அதிகம்.
இது வேறு குழியின் மூடி.

லொம்பேயைக் கேட்டேன், முதல்முறையாக.
ஆஸ்பத்திரிப் பக்கம் இருக்கலாம் என்றான்,
கோர்ட்டுக்குப் பின்னால் இருக்கலாம் என்றான்,
இருட்டில் எல்லா வட்டமும் ஒன்றுதானே என்றான்.

இப்போதெல்லாம் சாயங்காலம் கடையை மூடிவிட்டு
அளவு நாடாவும் கணக்கு நோட்டுமாகத்
தெருத் தெருவாகப் போகிறேன்.
குனிந்து அளப்பதைப் பார்த்து
வேலிகளுக்கு மேல் தலைகள் முளைக்கின்றன.
ஒருவழியாக வந்தீர்களா?
இல்லை, நான், என்று தொடங்குவதற்குள்
குழாய் பதினெட்டு நாளாக இருமுகிறது என்கிறார் ஒருவர்.
டிரான்ஸ்ஃபார்மர் வெடித்த அன்று பிறந்த குழந்தை
இன்று நடக்கிறது, பாருங்கள், என்று
அதை நடக்கவிட்டே காட்டுகிறாள் ஒரு தாய்.
இடுகாட்டுச் சாலைப் பள்ளத்தில் வண்டியின் அச்சு முறிந்து
அப்பாவை இரண்டு முறை
இறக்க வேண்டியிருந்தது என்கிறான் ஒருவன்,
என்னைப் பார்க்காமல்.
ஸ்டூல் வருகிறது. ஒரு கோப்பை முன்கோயோ வருகிறது.
எழுதிக்கொள்ளுங்கள், சார், எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதிக்கொள்கிறேன்.
செம்பு, பித்தளை, வார்ப்பிரும்பு என்று
நான் கோடு போட்டுவைத்த கட்டங்களுக்குள்.

நேற்று ஒருத்தி வழி மறித்தாள்.
எண் கொடுக்காமல் போகக் கூடாது என்றாள்.
வாயில் வந்ததைச் சொன்னேன்:
நாற்பத்தெட்டு.

கதவில் கரியால் எழுதிக்கொண்டாள்.